தெளிஞ்ச தண்ணின்னா நல்ல தண்ணியா?

கேள்வி: அக்கா, எங்க வீட்டுப் பின்னாடி ஓடுற சின்ன ஓடை கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு, ஆனா அது உண்மையிலேயே ஆரோக்கியமா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது? – வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தெளிவை மட்டும் நம்பாதீங்க தம்பி. தண்ணிக்குள்ள கிடக்கிற கல்லை மெதுவா புரட்டிப் பாருங்க, அடியில மேஃபிளை, ஸ்டோன்ஃபிளைன்னு சொல்ற பூச்சிங்களோட குஞ்சுங்க ஒட்டியிருந்தா ரொம்ப நல்ல அறிகுறி, அதுங்களுக்கு ஆக்சிஜன் நிறைய வேணும், அழுக்கு தாங்காது. மேஃபிளைக்கு பெரும்பாலும் 3 வால், ஸ்டோன்ஃபிளைக்கு 2. வெறும் சிவப்புப் புழுவா நெளிஞ்சா சாக்கடை கலக்குதோன்னு சந்தேகப்படணும், அதுங்க உடம்புல ஹீமோகுளோபின் இருக்கிறதால ஆக்சிஜன் குறைஞ்சாலும் பிழைச்சுக்கும். சுற்றுச்சூழல் துறை ஆக்சிஜன், அமோனியான்னு 6 அளவு வச்சு தரம் பிரிக்கிறாங்க, நல்லதுதான், ஆனா அது தண்ணி எடுத்த நேரத்து நிலவரம், பூச்சிங்கதான் மாசக்கணக்கா அங்கேயே குடியிருக்கு. பெருமழை பெய்ஞ்ச உடனே போகாதீங்க, எல்லாத்தையும் வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருக்கும். கால்ல காயம் இருந்தா இறங்கவே வேணாம், எலிக்காய்ச்சல் வரலாம். பார்த்து முடிச்சதும் கல்லை இருந்தபடியே வச்சிடுங்க.