கடல் இல்லாததுதான் காரணமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பீகார் பின்தங்கியதற்குக் கடல் இல்லாததும் கோசி ஆற்றின் வெள்ளமுமே காரணம் என்று நினைக்கிறேன். இயற்கை செய்ததற்கு அரசையும் சட்டத்தையும் குறை சொல்லலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் கடல் இல்லை. துறைமுகம் தொலைவில் இருந்தால் செலவு கூடும், அது உண்மை. ஆனால் பீகாருக்கு நிலம் தந்த வரமும் ஒன்று உண்டு. 2000இல் ஜார்க்கண்ட் பிரியும்வரை நிலக்கரியும் இரும்புத்தாதுவும் அதன் எல்லைக்குள்ளேயே கிடந்தன. எஃகை நம்பிய தொழில்கள் அங்கேதான் முளைத்திருக்க வேண்டும்.

1950களில் ஒன்றிய அரசு சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தியது. ரயில் கட்டணத்தைச் சராசரியாக்கி எஃகின் விலையிலேயே சேர்த்துவிட்டார்கள். எந்த ரயில் நிலையத்தில் இறக்கினாலும் ஒரே விலை. ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர், தொலைவில் இருப்பவரின் போக்குவரத்துச் செலவிலும் பங்கு கொடுத்தார். மேற்கிலிருந்து கிழக்கே போன பருத்திக்கு இந்த ஏற்பாடு கிடையாது. இதை அநீதி என்றே சொல்வேன். 1990களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டபோது தொழிற்சாலைகளும் உதிரிபாகம் செய்வோரும் தேர்ந்த தொழிலாளரும் வேறு மாநிலங்களில் வேரூன்றிவிட்டார்கள். திட்டம் போனதால் மட்டும் அவர்கள் இடம் மாறிவிடவில்லை.

கோசியில் வெள்ளம் வருவது இயற்கை. ஆனால் 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசாகாவில் கரை உடைந்தபோது ஓடிய நீர் வினாடிக்கு ஏறக்குறைய 1.44 லட்சம் கன அடிதான். அந்தக் கரை 9 லட்சத்துக்கும் மேல் தாங்கக் கட்டப்பட்டது. கரைகளுக்கு நடுவே வண்டல் படிந்து படுகை உயர்ந்துகொண்டே போகும்; ஆறு கரையை அரிக்கும் இடத்தை ஆண்டுதோறும் பலப்படுத்தியாக வேண்டும். கரை இருப்பது நேபாள மண்ணில், பராமரிப்பு பீகார் அரசின் கையில்.

இயற்கையின் பங்கு எது, அமைப்பின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்க, மண்ணும் மழையும் ஒத்த மாவட்டங்களை ஒப்பிட வேண்டும். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் அப்படித்தான் செய்தார்கள். 1793இல் ஆங்கிலேயர் வங்காளத்திலும் பீகாரிலும் நிலவரியை என்றைக்குமாக நிர்ணயித்த நிரந்தரத் தீர்வை போல, ஜமீன்தார் வரி வசூலித்த பகுதிகளையும், விவசாயியே நேராகச் செலுத்திய பகுதிகளையும் எடுத்துக்கொண்டார்கள். முன்னவற்றில் விளைச்சலும் பாசனமும் உரப் பயன்பாடும் குறைவு. பள்ளியும் மருத்துவமும் குறைவு. ஜமீன் முறை 1950களிலேயே சட்டப்படி ஒழிந்தது. ஆனால் விளைச்சலில் இடைவெளி பெரிதானது 1960களின் நடுவில், புதிய விதையும் அரசுப் பணமும் கிராமங்களுக்கு வரத் தொடங்கியபோது.