கடல் காற்றுக்குப் பத்து மாத அட்வான்ஸா?

கேள்வி: சார், எனக்கு வயது 27. சென்னை டைடல் பார்க்கில் வேலை. ஆண்டுச் சம்பளம் 10 லட்சம். பிடித்தம் போக மாதம் 70,000 ரூபாய் கைக்கு வருகிறது. தாம்பரம் பக்கம் லேடீஸ் ஹாஸ்டலில் சாப்பாட்டோடு 9,500 கட்டுகிறேன். பெசன்ட் நகரில், பீச்சிலிருந்து மூன்றாவது தெருவில் ஒரு ஸ்டூடியோ வீடு பிடித்துப்போய்விட்டது. வாடகை 22,000, மெயின்டனன்ஸ் 1,500, அட்வான்ஸ் பத்து மாதம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. சேமிப்பு 2,75,000 இருக்கிறது. ஊருக்கு 10,000 அனுப்புகிறேன், எஸ்.ஐ.பி. (மாதாமாத மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு) 8,000 போகிறது. வாடகை கட்டினால் வரி மிச்சம் என்கிறார்கள் தோழிகள். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் இந்தக் கணக்கில் வேண்டாம்.

உங்கள் சம்பளத்துக்கு 22,000 வாடகை தாங்கும். இடிப்பது அட்வான்ஸ்தான். அட்வான்ஸ் 2,20,000, முதல் மாத வாடகை 22,000, புரோக்கர் 22,000. ஆக 2,64,000. மிச்சம் 11,000 ரூபாயை வைத்துக்கொண்டு கட்டிலும் கேஸ் அடுப்பும் வாங்க வேண்டும். அடுத்த வாரம் ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால்? அட்வான்ஸ் உங்கள் பணம்தான், ஆனால் வீட்டைக் காலி செய்தால்தான் கைக்கு வரும்.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உறவுக்கென்று 2017-ல் கொண்டுவந்த சட்டம் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. ஆனால் அதிலேயே ஒரு சந்தும் இருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் அதுதான் செல்லும். அதனால் பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்னால் பேசிவிடுங்கள்.

சட்டத்தை நீட்டினால் ஓனர் வேறு ஆள் பார்ப்பார். கணக்கை நீட்டுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் அவர் கேட்பது 1,54,000. வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் ஆண்டுக்கு 10,780, மாதம் சுமார் 900 ரூபாய். ‘வாடகை 1,000 கூடத் தருகிறேன், அட்வான்ஸை மூன்று மாதமாக்குங்கள்’ என்று கேளுங்கள். அவருக்கு நஷ்டம் இல்லை. மிச்சமாகும் பணத்தை நீங்கள் வங்கியில் போட்டால் அந்த 900 உங்களுக்கு வரும், ஆக மாதம் நூறு ரூபாய்தான் கூடுதல் செலவு. பதிலுக்கு, குடியேறிய அன்று கையில் 11,000-க்குப் பதில் 1,60,000 இருக்கும். வாடகை, மெயின்டனன்ஸ், கரண்ட் எல்லாம் சேர்ந்து 26,500, ஊருக்கு 10,000, எஸ்.ஐ.பி. 8,000 போனாலும் 25,500 மிஞ்சும். அதில் சாப்பாடும் அடக்கம் என்பதை மறக்காதீர்கள், இனி ஹாஸ்டல் மெஸ் கிடையாது.

வரி மிச்சம் என்ற பேச்சை விடுங்கள். புதிய வரி முறையில் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே இல்லை. கட்டாத வரியில் என்ன மிச்சம் பிடிப்பது? சம்பளத்தில் வரும் வாடகைப் படிக்கான (எச்.ஆர்.ஏ.) விலக்கு பழைய முறையில்தான்.

அப்புறம், கடல் காற்றில் வரும் உப்பு. பால்கனிக் கம்பியில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துரு பொரியாக உதிர்ந்தால் ஏ.சி.யின் வெளி யூனிட்டும் அதே கதியில்தான் இருக்கும். அதை யார் பழுதுபார்ப்பது என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். நான் கடலோரம் குடியிருந்தபோது என் ஃப்ரிட்ஜின் கால் இரண்டே வருடத்தில் துருப்பிடித்தது. அது என் பாடு, சரி. ஜன்னல் கிரில் துருவுக்கும் ‘பெயின்ட் செலவு’ என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைக் கழித்தார் ஓனர். நுழையும் நாளிலேயே மொபைலில் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

தனி இ.பி. இணைப்பு உண்டா என்றும் கேளுங்கள். இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் முதல் 100 யூனிட் இலவசம். ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்த சப்-மீட்டர் என்றால் அவர் சொல்வதுதான் ரேட்.

எது சொன்னாலும் பத்து மாதத்திலிருந்து இறங்கவில்லையா? திருவான்மியூரின் உள்தெருக்களில் தேடுங்கள். பறக்கும் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே உங்கள் ஆபீஸ். சாயங்காலம் கடலுக்கு நடந்தே போய் வரலாம், கம்பியும் அவ்வளவு சீக்கிரம் உதிராது.