ஃபோல்டர் பெட்டி எங்கே திறக்க வேண்டும்?

கேள்வி: போட்டோ ஸ்டுடியோக்களுக்காக, விண்டோஸ் செயலிகள் எழுத உதவும் மைக்ரோசாஃப்டின் விண்ஃபார்ம்ஸில் (டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8) ஒரு செயலி எழுதியிருக்கிறேன். கேமராவின் மெமரி கார்டில் படங்கள் இருக்கும் ஃபோல்டரை முதலில் கேட்கும். அவற்றைச் சேமிக்க வேண்டிய ஃபோல்டரை அடுத்து கேட்கும். ஒவ்வொரு தடவையும் மேலிருந்து ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே இறங்க வேண்டியிருக்கிறது என்று புகார் வருகிறது. ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியை நானே சொந்தமாக வடிவமைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். விண்டோஸ் தரும் பெட்டியில் பயனர் பின் (pin) செய்துவைத்த ஃபோல்டர்கள், நெட்வொர்க் டிரைவ்கள், முகவரிப் பட்டை, ஸ்கிரீன் ரீடர் வசதி எல்லாமே தயாராக இருக்கின்றன. நீங்களே எழுதினால் இவற்றில் பாதி நிச்சயம் விட்டுப்போகும்.

உங்களிடம் இருப்பது பழைய பெட்டி. 4.8-இல் ஃபோல்டரைக் கேட்கப் பயன்படும் ஃபோல்டர்பிரவுசர்டயலாக் என்ற கிளாஸ் காட்டுவது மரம்போல் விரியும் அந்தச் சின்ன ஜன்னலைத்தான். பாத்தை (ஃபோல்டரின் முழு முகவரியை) ஒட்டக்கூட அதில் இடமில்லை. ஃபிரேம்வொர்க்கின் அடுத்த தலைமுறையான டாட்நெட் கோர் 3.0 முதல் அதே பெயருள்ள கிளாஸ், எக்ஸ்ப்ளோரர் போன்ற புதிய பெட்டியைத் திறக்கிறது. ஆகவே டாட்நெட் 8-க்கு மாறினாலே பாதிப் புகார் தீரும். மாற முடியாவிட்டால், விண்டோஸின் புதிய பெட்டியை நேரடியாகத் திறக்கும் ஐஃபைல்ஓபன்டயலாக் என்ற காம் (COM) இன்டர்ஃபேஸை எஃப்ஓஎஸ்_பிக்ஃபோல்டர்ஸ் ஆப்ஷனுடன் அழையுங்கள்.

மீதிப் பாதி உங்கள் கையில்: பெட்டி எங்கே திறக்கிறது என்பது. கார்டுக்கும் சேமிப்புக்கும் ஒரே ஞாபகம் என்றால் இரண்டுமே கெடும். கார்டிலிருந்து படம் எடுத்ததும், சேமிக்கும் பெட்டியும் கார்டிலேயே போய் நிற்கும். கிளையன்ட்கைடு என்ற பிராப்பர்ட்டி (டாட்நெட் 5 முதல்) இதற்காகவே இருக்கிறது. இரண்டு வேலைக்கும் இரண்டு கைடு (GUID, வேறெதனுடனும் மோதாத அடையாள எண்) கொடுங்கள். கடைசியாகப் போன இடத்தை விண்டோஸ் தனித்தனியாக நினைவில் வைக்கும். கைடைக் கோடில் நிலையாக எழுதிவைக்க வேண்டும். செயலி ஓடும்போது நியூகைடு போட்டு ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கினால், விண்டோஸுக்கு அது எப்போதும் புதுப் பெட்டிதான்.

கார்டு விஷயத்தில் ஞாபகம் அவ்வளவாகப் பயன்படாது. நேற்று இ டிரைவாக இருந்த கார்டு இன்று எஃப் ஆக வரும். அதனால் தேடிப் பிடியுங்கள்: செருகியிருக்கும் டிரைவ்களில் எதன் வேரில் (மேல்மட்டத்தில்) டிசிஐஎம் என்ற ஃபோல்டர் இருக்கிறதோ, அங்கேயே திறங்கள். கேமராக்கள் பொதுவாகப் படங்களை வைப்பது அதற்குள்தான்.

சேமிக்கும் பெட்டிக்கு வேறு விதி. கடைசியாகச் சேமித்த கல்யாண ஃபோல்டருக்குள் திறக்காதீர்கள். அதற்கு ஒரு படி மேலே திறங்கள். அடுத்த கல்யாணத்தின் ஃபோல்டர் பெரும்பாலும் அதன் பக்கத்தில்தான் இருக்கும். உள்ளே திறந்தால் அவசரத்தில் ஓகே அழுத்துபவர், ஒரு வீட்டுப் படங்களை இன்னொரு வீட்டு ஃபோல்டரில் கலந்துவிடுவார். இது வெறும் அசௌகரியம் இல்லை, வேலையே கெட்டுப்போகும் தவறு.

நினைவில் வைத்த பாத் இப்போது இல்லையென்றால் பிழைச் செய்தி காட்ட வேண்டாம். இருக்கும் தாய் ஃபோல்டர் கிடைக்கும்வரை மேலே ஏறுங்கள். இந்தச் சோதனையைப் பின்னணியில் ஓடும் தனி திரெட்டில் வையுங்கள். அணைத்துவைத்த நெட்வொர்க் டிரைவைத் தொட்டால் பதில் வரப் பல விநாடிகள் ஆகலாம். தனி திரெட் இல்லாவிட்டால் அதுவரை ஜன்னல் உறைந்து நிற்கும்.

புதிய பெட்டியில் ஒரு குழப்பம் பாக்கி இருக்கிறது. ஃபோல்டர் மட்டும் தேர்வு செய்யும்போது அது ஃபைல்களைக் காட்டாது. படங்கள் நிறைந்த ஃபோல்டருக்குள் போனாலும் ஒன்றுமில்லை என்றே தெரியும். படமெல்லாம் அழிந்துவிட்டது என்று பயனர் பதறிப்போவார். பெட்டி மூடியதும் உங்கள் ஜன்னலில் முழு பாத்தையும் "412 படங்கள்" என்ற எண்ணிக்கையையும் நான்கைந்து சிறு படங்களையும் காட்டிவிட்டு, அதன் பிறகே நகலெடுக்கும் பட்டனைத் திறந்துவிடுங்கள்.

எந்தப் பெட்டி எதற்கு என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள்: "படங்கள் இருக்கும் கார்டு", "சேமிக்க வேண்டிய இடம்". டிஸ்கிரிப்ஷன் பிராப்பர்ட்டியில் எழுதினால் மட்டும் போதாது, புதிய பெட்டியில் அது தலைப்பாக வராது; யூஸ்டிஸ்கிரிப்ஷன்ஃபார்டைட்டில் என்பதையும் ட்ரூ ஆக்க வேண்டும்.