‘இம்ப்ரூவ்’ ஒன்று போதாதா?

கேள்வி: ஆங்கிலத்தில் இம்ப்ரூவ், என்ஹான்ஸ், அமீலியரேட், ரெக்டிஃபை, அமெண்ட், ரிஃபார்ம் என்று சொற்கள் குவிந்து கிடக்கின்றன. அகராதியைப் புரட்டினாலோ ‘மேம்படுத்து’, ‘திருத்து’ என்ற இரண்டே பொருள்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே செயலுக்கு இத்தனை சொற்கள் வைத்துக்கொள்வது வெறும் பகட்டுத்தானே? தமிழில் இப்படி ஏதும் இல்லையே! வேலைக்கு விண்ணப்பம் எழுதும் என் மகன் இவற்றை மாற்றி மாற்றிப் போடலாம் அல்லவா? – வாசகர், கரூர்.

பதில்: தாராளமாகப் போடலாம், வேலை கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லாவிட்டால். “உங்கள் நிறுவனத்தின் விற்பனையை இம்ப்ரூவ் செய்ய விரும்புகிறேன்” என்று எழுதும் இளைஞர் ஆர்வமுள்ளவராகத் தெரிவார். அதே இடத்தில் ‘அமீலியரேட்’ என்று எழுதினால், “உங்கள் விற்பனை படுமோசமாகக் கிடக்கிறது, அந்த அவதியைச் சற்றே தணிக்க வந்திருக்கிறேன்” என்று சொன்னதாகிவிடும். ‘ரெக்டிஃபை’ என்றால் அவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று பொருள். ‘ரிஃபார்ம்’ என்றால் நிறுவனமே அடியோடு சீர்கெட்டிருக்கிறது என்று பொருள். ஒரு பொருளை நன்றாக்கப் போகிறேன் என்று அறிவிக்கும்போதே, அது இதுவரை எந்த நிலையில் இருந்தது என்ற தீர்ப்பையும் இந்தச் சொற்கள் சேர்த்தே வழங்கிவிடுகின்றன. உங்கள் அகராதி செயலை மட்டும் சொல்லிவிட்டுத் தீர்ப்பை விட்டுவிட்டது. உங்கள் மகன் ‘இம்ப்ரூவ்’ என்பதையே மூன்று முறை எழுதினாலும் குடி முழுகிப்போகாது.

அந்தச் சொல் பழைய நிலையைக் குறை சொல்லாது. சி.பி.எஸ்.இ. மாணவர் யாரைக் கேட்டாலும் இது தெரியும்: தேறிய பாடத்தில் இன்னும் கூடுதல் மதிப்பெண் வேண்டும் என்பவர் எழுதுவதுதான் ‘இம்ப்ரூவ்மெண்ட்’ தேர்வு; தேறாதவர் எழுதுவதற்கு அந்தப் பெயர் கிடையாது. இவ்வளவு சாதுவாகத் தோன்றும் இச்சொல் பிறந்தது பள்ளிக்கூடத்தில் அன்று, நிலத்தில். பழைய பிரெஞ்சில் ஆதாயத்தைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து கிளைத்து, ஆங்கிலத்துக்கு வந்த புதிதில், தரிசை வளைத்து வேலியிட்டு வருமானம் தரும்படி செய்வதைக் குறித்தது. நன்மை என்று அது சொன்னபோதெல்லாம் நிலவுடைமையாளரின் நன்மையே பொருளாக இருந்தது. ஸ்காட்லாந்தின் வடகோடியில், சதர்லாந்து பண்ணையில், தலைமுறை தலைமுறையாக உழுதுவந்த குத்தகைக் குடிகள் கடற்கரைக்குத் துரத்தப்பட்டு, ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-இல் வீடுகள் கொளுத்தப்பட்டு, அந்த நிலமெல்லாம் செவியட் இன ஆடுகளுக்கு மேய்ச்சல் காடாக விடப்பட்டது. அப்பண்ணையின் நிர்வாகத்தைக் கவனித்த ஜேம்ஸ் லாக், நடந்தவற்றை விளக்கி 1820-இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே அவற்றை ‘இம்ப்ரூவ்மெண்ட்ஸ்’ என்றுதான் குறித்தார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை; சொல்லின் பழைய பொருளில் அது சரிதான், நிலத்தின் வருவாய் பெருகியது. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபின் 1898-இல் அரசு ஏற்படுத்திய அமைப்புக்கும் ‘இம்ப்ரூவ்மெண்ட் ட்ரஸ்ட்’ என்றே பெயர். நெருக்கமான குடியிருப்புகளை இடித்துச் சாண்ட்ஹர்ஸ்ட் சாலை போன்ற அகன்ற சாலைகளை அது திறந்தது. இடிந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் எப்படி ஒலித்திருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

‘அமீலியரேட்’ இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து புறப்படுகிறது. நல்ல பொருளை அமீலியரேட் செய்ய முடியாது. வறுமை, சிறைச்சாலை, அகதி முகாம் போன்று ஏற்கெனவே துன்பமாக இருப்பதைச் சற்றுத் தாங்கத்தக்கதாக ஆக்குவதே இதன் வேலை. துன்பம் நீங்கிவிடும் என்று இச்சொல் வாக்களிப்பதில்லை. இன்னும் கூர்ந்து கேட்டால், அது தொடரும் என்பதை ஒப்புக்கொள்கிறது. இதை நன்றாகத் தெரிந்துகொண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1823-இல் இதைக் கையில் எடுத்தது. அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் பக்ஸ்டன் கொண்டுவந்த தீர்மானத்துக்கு மாற்றாக, அமைச்சர் ஜார்ஜ் கேனிங் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுடைய நிலைமையை ‘அமீலியரேட்’ செய்யும் தீர்மானங்களை வைத்தார். பெண்களைச் சவுக்கால் அடிக்கக் கூடாது; வயலில் கண்காணி சவுக்கை ஏந்தி நிற்கக் கூடாது; அடிமைகளுக்குச் சமயக் கல்வி தர வேண்டும். அடிமை அடிமையாகவே இருப்பான், சவுக்கு மட்டும் கண்ணில் படாது. அதே ஆண்டு ஆகஸ்டில், தென்னமெரிக்காவின் வடகரையில் பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த டெமெராராவில், இங்கிலாந்து தங்களுக்கு விடுதலையே வழங்கிவிட்டதாகவும் முதலாளிகள் அதை மறைப்பதாகவும் நம்பி ஆயிரக்கணக்கான அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சி கொடூரமாக ஒடுக்கப்பட்டது. ஒழிப்புச் சட்டம் 1833-இல் வந்தபோது அதில் இருந்த சொல் ‘அபாலிஷ்’. அப்போதும் இழப்பீடாக ஒதுக்கப்பட்ட 2 கோடி பவுன் உடைமையாளர்களுக்குத்தான் போயிற்று என்பது தனிக் கதை.

அடுத்து ‘என்ஹான்ஸ்’. இன்றைய விளம்பரதாரர்களின் செல்லப்பிள்ளை இதுவே. உயரம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதால் இதற்கு உயர்த்துதல்தான் தெரியும். உயர்த்தப்படுவது நல்லதா கெட்டதா என்பது இதற்குப் பொருட்டன்று. நம் நீதிமன்ற ஆங்கிலம் இதை இன்னும் மறக்கவில்லை. நிலம் எடுப்பில் இழப்பீட்டை ‘என்ஹான்ஸ்’ செய்யக் கோரி உழவர் மனுப்போடுகிறார். குற்றவாளியின் தண்டனையை ‘என்ஹான்ஸ்’ செய்யக் கோரி அரசு மேல்முறையீடு செய்கிறது. இரண்டாவதை ‘மேம்படுத்து’ என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், சிறைக்குப் போகிறவர் சிரிப்பார். 2001-க்குப் பின் அமெரிக்க உளவுத்துறை, கைதியின் முகத்தைத் துணியால் மூடி நீரூற்றி மூச்சுத் திணறவைப்பது உள்ளிட்ட சித்திரவதைகளுக்கு வைத்த அலுவல்பெயர் ‘என்ஹான்ஸ்டு’ விசாரணை. அவற்றை விவரித்து செனட் குழுவின் அறிக்கைச் சுருக்கம் 2014 டிசம்பரில் வெளியானபோது, அந்தப் பெயர் எவ்வளவு திறமையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதும் வெளிச்சத்துக்கு வந்தது. கூடுதல் என்ற பழைய பொருளை நடைமுறையில் வைத்துக்கொண்டு, நேர்த்தி என்ற புதிய பொருளைக் கேட்பவர் காதுக்குக் கொடுத்தார்கள். இதன் ஏழைப் பங்காளி ‘ரிவைஸ்’. மறுபடி பார்த்தல் என்பதற்கு மேல் அதற்குப் பொருளே இல்லை. ஆனால் கட்டணத்தை ‘ரிவைஸ்’ செய்திருக்கிறோம் என்ற அறிவிப்பைப் பார்த்து, குறைத்துவிட்டார்கள் என்று யாராவது மகிழ்ந்ததுண்டா?

தவறைக் களையும் சொற்களில் ‘ரெக்டிஃபை’ நேராக்குவது. மாறுமின்னோட்டத்தை ஒரே திசைக்குக் கொண்டுவரும் ‘ரெக்டிஃபையர்’ அதே வேலையைத்தான் செய்கிறது. ‘ரிஃபார்ம்’ அமைப்பையே மாற்றுவது: குடியிருப்பே இல்லாத ஓல்ட் சேரம் மேட்டுக்கு 2 உறுப்பினர்கள் இருக்க, மான்செஸ்டர் நகருக்கு ஒருவர்கூட இல்லாதிருந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைத் தொட்ட 1832-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்தப் பெயர் பொருத்தமானதே.

‘அமெண்ட்’, ‘எமெண்ட்’ இரண்டும் லத்தீனில் ஒரே தாயின் பிள்ளைகள், பிழை நீக்குதல் என்ற பொருளில் பிறந்தவை. ஆனால் அதிகாரம் உள்ளவர் செய்வது அமெண்ட், அறிஞர் செய்வது எமெண்ட். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை உச்சநீதிமன்றம் செல்லாதென்றபின் 1951-இல் அரசியலமைப்புக்குச் செய்த முதல் திருத்தம் அமெண்ட்மெண்ட். மாற்ற உரிமை உள்ளவர்கள் மாற்றினார்கள். எமெண்ட் செய்பவருக்கு அந்த உரிமை இல்லை. ஆசிரியர் முதலில் என்ன எழுதியிருப்பார் என்று ஊகித்து, ஏடு கெடுத்ததை மீட்பது மட்டுமே அவர் வேலை. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் என்ற கிழவன் இறந்ததை விடுதிக்காரப் பெண் வருணிக்கும் இடத்தில், 1623-ஆம் ஆண்டுப் பதிப்பு, அவன் மூக்கு பேனா முனைபோல் கூராக இருந்தது என்று சொல்லிவிட்டு, உடனே ‘பச்சை வயல்களின் ஒரு மேசை’ என்கிறது. கவிஞர் போப், மேடைக்கு மேசை கொண்டுவரச் சொல்லும் குறிப்பு தவறி உள்ளே நுழைந்துவிட்டது என்று விளக்கம் சொன்னார். லூயிஸ் தியோபால்டு 1733-இல் வந்த தம் பதிப்பில், ‘டேபிள்’ என்பதை ‘பேபிள்டு’ என்று மாற்றினார். சாகும் கிழவன் பச்சை வயல்களைப் பற்றிப் பிதற்றிக்கொண்டிருந்தான் என்று வரி உயிர்பெற்றது. இன்றும் பெரும்பாலான பதிப்பாசிரியர்கள் அதையே ஏற்கிறார்கள். இதை ‘இம்ப்ரூவ்’ என்று சொன்னால் தியோபால்டுக்கே கோபம் வரும். ஷேக்ஸ்பியரை இம்ப்ரூவ் செய்ய அவர் யார்?

தமிழில் இவை இல்லை என்பதையும் ஏற்க மாட்டேன். பழுதுபார்த்தல், செப்பனிடுதல், சீர்திருத்துதல், புதுப்பித்தல், மெருகூட்டுதல், தணித்தல் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. எல்லாவற்றையும் ‘மேம்பாடு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்தது அரசாணை மொழி. ‘திருத்து’ என்பதோ தனியாகவே பல வேலை பார்க்கிறது: காட்டைத் திருத்தினால் வயல், விடைத்தாளைத் திருத்தினால் மதிப்பெண், முடியைத் திருத்தினால் கூலி. இவற்றுள் முதலாவது ‘இம்ப்ரூவ்’ என்பதன் பழைய பொருளேதான். உங்கள் மகன் விண்ணப்பத்தில் ‘ரிப்பேர்’ என்ற சொல் வருமானால் அதைமட்டும் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழில் “மிக்சி ரிப்பேர்” என்றால் மிக்சி கெட்டுப்போயிற்று. ஆங்கிலத்தில் அதே சொல்லுக்குச் சரிசெய்தல் என்று பொருள்.