மதிரானும் அதற்கேற்ற உணவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மதிரான் ஒயின் ஒரு புட்டி வாங்கினேன். ஒரு வாய் குடித்ததுமே நாக்கு துவர்த்து வறண்டுபோகிறது. கெட்டுப்போன சரக்கா?

பதில்: எந்த ஆண்டு அறுவடை, திறந்து எவ்வளவு நேரம் கழித்துக் குடித்தீர்கள், உடன் என்ன சாப்பிட்டீர்கள் என எதையும் எழுதாமல் தீர்ப்பை மட்டும் கேட்கிறீர்கள். புட்டியின் லேபிளையாவது படித்துவிட்டு எழுதுங்கள். நீங்கள் சொல்வதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒயினில் குறை இல்லை. பிரான்சின் தென்மேற்கில், பிரெனே மலைகளுக்கு வடக்கே விளையும் இந்த ஒயினின் முதன்மைத் திராட்சை தனா. டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த திராட்சை வகைகளில் அது முன்வரிசையில் நிற்பது. டானின் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. தட்டில் கொழுப்பும் புரதமும் உப்பும் இருந்தால் அந்தத் துவர்ப்பு அடங்கிவிடும். இளம் மதிரானை 2 மணி நேரம் முன்னதாக டிகாண்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வையுங்கள்; வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள்.

கேள்வி: கசூலே என்ற பீன்ஸ்-இறைச்சிப் பதார்த்தம், வாத்து கான்ஃபி இரண்டில் எது மதிரானுக்கு அதிகம் பொருந்தும்?

பதில்: இரண்டுமே அந்தப் பகுதி மக்கள் தலைமுறைகளாக இந்த ஒயினோடு சாப்பிட்டுவருபவை. ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் கான்ஃபியைச் சொல்வேன். உப்பில் ஊறி, தன் கொழுப்பிலேயே மெல்ல வெந்த வாத்துத் தொடையைத் தோல்பக்கம் கீழே இருக்கும்படி வாணலியில் போட்டு, தோல் மொறுமொறுப்பாகும்வரை விட்டு எடுத்தால், முதல் கடியிலேயே உதட்டில் கொழுப்பு படியும். அடுத்த மிடறு மதிரான் அதைத் துடைத்துவிட்டு, மறுகடிக்கு நாவைத் தயாராக்கும். கசூலேயில் வெள்ளை பீன்ஸ் அந்தக் கொழுப்பை உறிஞ்சிக்கொள்வதால், சற்று முதிர்ந்த புட்டி அதற்கு மேலும் நன்றாக இருக்கும்.

கேள்வி: சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்கிறார்கள். கோடையில் எங்கள் வீட்டில் 30 டிகிரி இருக்கிறது. அப்படியே ஊற்றலாமா?

பதில்: கூடாது. இதே கேள்விக்கு இதே பகுதியில் பலமுறை பதில் எழுதியாயிற்று. ஆனாலும் நல்ல உணவகங்களிலேயே பார் விளக்குக்கு அடியில் நாள் முழுக்க நின்று வெதுவெதுப்பான புட்டியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அறை வெப்பநிலை என்ற அந்த விதி, வீடு முழுவதையும் சூடாக்கும் வசதி வருவதற்கு முன் இருந்த குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளின் விதி. 16 முதல் 18 டிகிரி என்பதே அதன் பொருள். மதிரானில் ஆல்கஹால் பெரும்பாலும் 13, 14 சதவீதத்தைத் தொடும். 25 டிகிரியைத் தாண்டினால் அந்த ஆல்கஹாலே முதலில் மூக்கில் ஏறி, கரும்பழ மணத்தை மறைத்து, தொண்டையில் எரிச்சலை மட்டும் மிச்சம் வைக்கும். உழைத்துச் செய்த ஒயின், பரிமாறுபவரின் அலட்சியத்தால் மட்டமான ஒயினாகத் தெரிகிறது என்பதுதான் எனக்குப் பொறுக்காதது. அதற்காக மறுகோடிக்கும் போகாதீர்கள்: குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் துவர்ப்பும் கசப்பும் மேலோங்கும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் சுமார் 15 நிமிடம், அல்லது குளிர்சாதனப் பெட்டியில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் போதும். வெப்பமான அறையில் கோப்பையும் விரைவில் சூடேறும் என்பதால், 15 டிகிரியில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கோப்பைக்குள் ஐஸ் கட்டி போடுவது எந்த நிலையிலும் வேண்டாம்.

கேள்வி: பாரிஸில், லா ஷப்பெல் பக்கத்தில் வசிக்கிறோம். காரமான ஆட்டுக்கறிக் குழம்போடு இது சரிவருமா?

பதில்: வராது. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் டானினும் கூட்டுமே தவிரத் தணிக்கா. அதே ஆட்டின் தொடைக்கறியை மிளகாய் இல்லாமல், பூண்டும் உப்பும் கொஞ்சம் மிளகும் தடவி அடுப்பில் வாட்டினால் தாராளமாகத் திறக்கலாம். 2 மணி நேரம் முன்னதாக.

கேள்வி: மீனோடு?

பதில்: வேண்டாம். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீனின் கவிச்சியைத் தூக்கிக் காட்டும்.

கேள்வி: ரொக்ஃபோர் பாலாடைக்கட்டியோடு குடித்தபோது கசந்தது. ஏன்?

பதில்: நீலப் பூசணத்தின் கூர்மையும் டானினும் மோதுகின்றன. ரொக்ஃபோருக்கு, மதிரான் விளையும் அதே மண்ணில் விளையும் இனிப்பு வெள்ளை ஒயினான பஷெரங்க் துய் விக்பீலைத் திறங்கள். மதிரானுக்கு ஏற்றது ஒஸோ-இராத்தி என்ற செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டி. பாஸ்க் மக்கள் அதோடு வைக்கும் கறுப்புச் செர்ரி ஜாமை இங்கே குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்?

பதில்: நல்ல அறுவடையானால் 10, 15 ஆண்டு தாங்கும். ஆனால் 1990களின் தொடக்கத்தில் மதிரானிலேயே பத்ரிக் துய்குர்னோ என்ற ஒயின் தயாரிப்பாளர் உருவாக்கிய முறைப்படி, தொட்டியில் இருக்கும்போதே ஆக்சிஜனை நுண்குமிழிகளாகச் செலுத்தி டானினை மென்மையாக்கும் பண்ணைகளும் உள்ளன. அந்தப் புட்டிகளை 4, 5 ஆண்டிலேயே திறக்கலாம். எதுவானாலும் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைக்காதீர்கள். அங்கே ஒரே கோடையில் ஒயின் வெந்துவிடும்.