காம்ரேட்ஸுக்குத் தயாராகிறவர்கள் எந்த ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கலாம்? கேள்வி பதில்

காம்ரேட்ஸ் என்பது தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே நடக்கும் நெடுந்தூர ஓட்டம். டர்பனிலும் ஜோகன்னஸ்பர்கிலும் மாரத்தான் பயிற்சி செய்யும் நம் தமிழ் நண்பர்கள் பலர் ஓட்டக் கடிகாரத்தைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நான் கடிகாரம் விற்பவன் அல்லன். 14 ஆண்டுகளாக இந்தச் சாலைகளில் ஓடிக்கொண்டிருப்பவன். பணத்தைக் கொட்டி வாங்கிய கடிகாரம் பாதி வழியில் அணைந்துபோன துயரத்தை அனுபவித்தவன். அந்த இழப்பு மற்றவர்களுக்கு வரக்கூடாது என்ற அக்கறையோடுதான் எழுதுகிறேன்.

அண்ணா, அடுத்த ஆண்டு காம்ரேட்ஸ் ஓட விரும்புகிறேன். மகன் பரிசளித்த ஸ்மார்ட் வாட்ச் ஒன்று கையில் இருக்கிறது. அது போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா? (சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு சகோதரி)

தங்கச்சி, முதலில் நீங்கள் எத்தனை மணி நேரம் சாலையில் இருப்பீர்கள் என்று கணக்கிடுங்கள். காம்ரேட்ஸின் தூரம் பாதையைப் பொறுத்து 85 முதல் 90 கிலோமீட்டர் வரை வரும். முடிக்க 12 மணி நேரம் தருகிறார்கள். ஆகவே ஜிபிஎஸ் இடைவிடாமல் இயங்கும் நிலையில் 12 மணி நேரத்தைத் தாண்டி நிற்கும் பேட்டரிதான் முதல் தேவை. ஆப்பிள் வாட்சின் சாதாரண மாடல்களுக்குப் பல ஆண்டுகளாக அறிவிக்கப்பட்ட 18 மணி நேரம் என்பது ஒரு நாளின் பொதுவான பயன்பாட்டுக்கான கணக்கு. ஜிபிஎஸ்ஸைத் தொடர்ந்து இயக்கினால் அது பாதிக்கும் குறைவாகிவிடும். பரிசாக வந்த கடிகாரம் அப்படிப்பட்டதாக இருந்தால், 21 கிலோமீட்டர் ஓட்டங்களுக்கும், காம்ரேட்ஸுக்குத் தகுதி பெற ஓடும் மாரத்தானுக்கும் அது தாராளமாகப் போதும், காம்ரேட்ஸ் நாளுக்குப் போதாது.

புதிதாக வாங்குவதானால், கார்மின் ஃபோர்ரன்னர் 55 ஜிபிஎஸ்ஸோடு 20 மணி நேரமும், கோரோஸ் பேஸ் 3 ஏறத்தாழ 38 மணி நேரமும் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அறிவிக்கப்பட்ட நேரத்தில் நான்கில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுப் பார்ப்பது என் வழக்கம், ஏனெனில் பேட்டரி ஆண்டுக்கு ஆண்டு தேயும். அப்படிக் கழித்தாலும் இவை இரண்டும் உங்களுக்குப் போதுமானவை. இன்னொன்று: பொத்தான் உள்ள கடிகாரமாகவே வாங்குங்கள். டர்பனின் புழுக்கத்தில் வியர்வை வழியும் விரலுக்குத் தொடுதிரை சரியாகப் பணியாது.

தகுதி மாரத்தானில் என் கடிகாரம் 42.8 கிலோமீட்டர் காட்டியது. பாதையைத் தவறாக அளந்துவிட்டார்களா? (ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி)

பாதை சரிதான், தம்பி. இந்தக் கேள்வியை எத்தனை பேரோ கேட்டிருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாததால் நேரத்தைத் தவறவிட்டவர்களையும் நான் அறிவேன். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சான்றளிக்கப்பட்ட பாதையை, சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியால் அளக்கிறார்கள். வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அந்த வண்டி செல்லும். பாதை எந்த வகையிலும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். நாமோ கூட்டத்தில் ஒதுங்கி, தண்ணீர் மேசைக்காகச் சாலையைக் குறுக்கே கடந்து, வளைவின் வெளிப்புறமாகவே ஓடுகிறோம். அதோடு, கடிகாரம் குறித்துக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளியும் சில மீட்டர் இங்கும் அங்கும் விலகுவதால், நேர்க்கோடும் நெளிந்து நீள்கிறது. இவை எல்லாம் சேர்ந்துதான் அந்த அறுநூறு மீட்டர்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். காம்ரேட்ஸ் தகுதிக்கு மாரத்தானை 4 மணி 50 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 42.195 கிலோமீட்டருக்கு அது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 52 நொடி. ஆனால் கடிகாரம் 42.8 காட்டப்போகிறது என்றால், அதன் திரையில் 6 நிமிடம் 46 நொடி தெரிய வேண்டும். திரையில் 6:52 பார்த்து நிம்மதியாக ஓடியவர் நான்கு நிமிடம் தாமதமாக வந்து நிற்பார். காம்ரேட்ஸில் இது இன்னும் கடுமை: 90 கிலோமீட்டரை 12 மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்குச் சரியாக 8 நிமிடம், தூரத்தில் ஒரு சதவீதம் பிழை என்றால் 900 மீட்டர், அதாவது ஏழு நிமிடத்துக்கும் மேல். 12 மணி நேரம் முடிந்ததும் கோடு மூடப்படுவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு ஏழு நிமிடத்தின் மதிப்பு தெரியும்.

ஆகவே கடிகாரத்திலிருந்து நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தைச் சாலையோரப் பலகையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். காம்ரேட்ஸ் பலகைகள் ஓடிய தூரத்தை அல்ல, இன்னும் மீதமுள்ள தூரத்தைக் காட்டும் என்பதால் கணக்குப் போடுவதும் எளிது.

இரட்டை அலைவரிசை உள்ள கடிகாரத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் சமிக்ஞை, உயர்ந்த கட்டடங்களில் மோதித் திரும்பி வரும்போது சற்றே தாமதமாக வந்து சேர்கிறது. கடிகாரமும் நம்மை வேறோர் இடத்தில் வைத்துவிடுகிறது. எல்1 என்ற பழைய அலைவரிசையோடு எல்5 என்ற இரண்டாவதையும் கேட்கும் கடிகாரம், நேராக வந்ததையும் மோதி வந்ததையும் நன்றாகப் பிரித்தறியும். டர்பன் கடற்கரையில் ஓட்டல் கட்டடங்களின் அடியில் ஓடும்போது இந்த வேறுபாட்டை வரைபடத்திலேயே காணலாம்: பழைய கடிகாரத்தில் என் கோடு இருமுறை கடலுக்குள் போய்வந்திருக்கிறது. ஆனால் காம்ரேட்ஸ் பாதையின் பெரும்பகுதி திறந்த வானத்தின் கீழ் மலைச்சரிவுகளில் செல்வது. அங்கே சாதாரண ஜிபிஎஸ்ஸே போதும். பணம் அளவாக இருந்தால் இதை விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் நல்ல காலணி வாங்குங்கள்.

ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் மெதுவாகத்தான் இறங்கினேன். இதயத்துடிப்பு 176 என்று காட்டியது. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா? (பைன்டவுனிலிருந்து ஓர் ஐயா)

ஐயா, மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்திருந்தால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். அவை ஏதும் இல்லாமல் எண் மட்டும் ஏறியிருந்தால், கடிகாரம் உங்கள் காலடியை எண்ணியிருக்கும் வாய்ப்பே அதிகம். கடிகாரத்தின் அடியில் உள்ள பச்சை விளக்கு, தோலுக்குக் கீழே குருதி கூடிக் குறைவதைப் பார்த்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. இறக்கத்தில் கை குலுங்கும்போது அந்த அசைவையே துடிப்பென்று அது பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 170 முதல் 180 அடிகள் பலருக்கும் இயல்பு என்பதால், உங்கள் 176 எனக்கு அந்த ஐயத்தையே தருகிறது. அடுத்த முறை நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, வார் நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். துடிப்பை வைத்தே பயிற்சி செய்கிறீர்கள் என்றால் மார்புப் பட்டை வாங்குவது நல்லது. அது இதயத்தின் மின்துடிப்பையே படிக்கிறது. போடுமுன் அதன் பட்டைகளைத் தண்ணீரால் நனைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

தைப்பூசக் காவடிக்கு இடக்கையில் காப்புக் கட்டியிருக்கிறேன். விரத நாள்களில் கடிகாரத்தை எப்படி அணிவது?

வலக்கைக்கு மாற்றிவிடுங்கள். மஞ்சள் கயிறு கடிகாரத்தின் அடியில் சிக்கினால் வெளிச்சம் உள்ளே புகுந்து துடிப்புக் கணக்குக் கெடும். கயிறும் உராய்ந்து நைந்துபோகும். பல கடிகாரங்களின் அமைப்பில் எந்தக் கை என்று குறிக்கும் இடம் உண்டு, அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். காப்பு அவிழ்த்த பிறகு மீண்டும் இடக்கைக்கு வரலாம்.

ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் பயிற்சி செய்கிறோம். உயரமானி உள்ள கடிகாரம் எங்களுக்குத் தேவையா?

ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அதே வேகத்துக்கு உங்கள் இதயம் டர்பன்காரர்களைவிட அதிகம் உழைக்கிறது. அங்கே கடிகாரம் கணித்துச் சொல்லும் மாரத்தான் நேரத்தை அப்படியே காம்ரேட்ஸுக்கு நம்ப வேண்டாம். காற்றழுத்த உயரமானி ஏற்ற இறக்கத்தைச் செம்மையாகக் காட்டும். ஃபோர்ரன்னர் 55இல் அது இல்லை, 165இலும் பேஸ் 3இலும் உண்டு. கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இஞ்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்ற ஐந்து மலைகளுக்காகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு, வாரத்துக்கு எத்தனை மீட்டர் ஏறினோம் என்ற கணக்கு மிகவும் பயன்படும். மழை வரும் நாளில் காற்றழுத்தம் மாறுவதால், வீட்டு வாசலின் உயரமே மாறிக் காட்டினால் திகைக்க வேண்டாம்.

பழைய கடிகாரம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ஓட்ட நிலையில் இயக்கி, தோட்டத்தில் திறந்த வானத்தின் கீழ் வைத்துவிடுங்கள். 13 மணி நேரம் கழித்தும் உயிரோடு இருந்தால் வாங்குங்கள். நான் இந்தச் சோதனையைச் செய்யாமல் வாங்கிய ஒன்றுதான் இஞ்சாங்கா ஏற்றத்தில் அணைந்துபோனது.

ஓட்ட நாளன்று கடிகாரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மின்வெட்டு இருந்தால் அதன் அட்டவணையைப் பார்த்து, இரண்டு நாள் முன்னரே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். புதிய மென்பொருளை அந்த வாரத்தில் ஏற்ற வேண்டாம். முந்தின இரவு கைபேசியோடு ஒருமுறை இணைத்தால், செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கும் என்ற குறிப்பு கடிகாரத்துக்கு வந்துவிடும். ஏற்ற ஓட்டம் (டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் நோக்கி ஏறிச் செல்வது) தொடங்கும் டர்பன் நகர மண்டபத்தின் முன் கட்டடங்களுக்கு நடுவில் நின்றாலும் விரைவில் பிடித்துக்கொள்ளும். நின்றால் தானாக நிற்கும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். தண்ணீர் மேசையில் நீங்கள் நின்றாலும் 12 மணி நேரம் நிற்காது.

பின்வரிசையில் நிற்பவர்கள் தொடக்கக் கோட்டை அடையவே பல நிமிடங்கள் ஆகும். பலர் கோட்டைத் தாண்டும்போதுதான் பொத்தானை அழுத்துகிறார்கள். ஆனால் காம்ரேட்ஸ் நேரம் துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்தே எண்ணப்படுகிறது. தொடக்கத்துக்குச் சற்று முன் வழக்கமாக ஒலிபரப்பும் சேவல் கூவல் இருட்டில் கேட்டதும் விரலைப் பொத்தானின் மேல் வையுங்கள். வெடிச் சத்தம் கேட்டதும், நகர இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தாலும், அழுத்திவிடுங்கள்.