மகளின் பிரெஞ்சு வகுப்பை நிறுத்திவிடலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பிரெஞ்சில் 'நீ' என்பதற்கும் 'எல்லாம்' என்பதற்கும் நீங்கள் ஒரே மாதிரி 'தூ' என்று சொல்ல, 10 வயது மகள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

முதல் சொல்லுக்கு நாக்கை 'ஈ'க்கு வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவிக்க வேண்டும். இரண்டாவது நமக்குப் பழகிய 'ஊ'. நான் பிரெஞ்சு தொடங்கியது 26 வயதில். இந்த விதி முதல் வாரமே மனப்பாடம். வித்தியாசம் காதில் விழ ஓராண்டு ஆயிற்று. வளர்ந்தபின் தமிழ் கற்பவர்கள் ல, ள, ழவைப் பிரித்துக் கேட்கப் படும் பாடும் இதுதான். உங்கள் மகளிடம் அந்தக் காது வந்துவிட்டது. தப்பாகப் பேசக் கூச்சப்படாத வாயும் சேர்ந்தே வந்திருக்கும். பெரியவர்களான நாம் இலக்கணத்தை வேகமாகப் பிடித்துக்கொள்வோம், வாயைத் திறக்கத்தான் வெட்கம்.

சீக்கிரம் கெட்டிப்படுவது காதுதான். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாத வயதில் பிரித்தறிந்த இந்தி ஒலிகளை, ஒரு வயது நெருங்கும்போது பெரும்பாலும் பிரித்தறியவில்லை என்று ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1984-இல் காட்டினார்கள். இலக்கணத்துக்கு அவ்வளவு அவசரமில்லை. சுமார் 6,70,000 பேரின் ஆங்கில இலக்கணத் திறனை அலசிய 2018-ஆம் ஆண்டு ஆய்வு, கற்கும் வேகம் ஏறக்குறைய 17 வயதுவரை குறையவில்லை என்றது. ஆகவே ஓராண்டு நின்றால் எல்லாம் போய்விடும் என்று பதறாதீர்கள்.

"இதனால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது தெரிந்த பிரெஞ்சால் கிடைக்காது. மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில், தொடக்க நிலையான ஏ1 முதல் உச்சமான சி2 வரை ஆறு படிகள். வாடிக்கையாளரோடு தடுமாறாமல் பேச பி2 வேண்டும், மொழிபெயர்ப்புக்கு சி1-க்கும் மேல். அதோடு, வழக்கமான கடிதங்களையும் கையேடுகளையும் இப்போது இயந்திரமே மொழிபெயர்த்துவிடுகிறது. மொழியோடு தொழிலாக இன்னொன்று தெரிந்தவருக்குத்தான் மதிப்பு: சட்டம், செவிலியம், பொறியியல், கணக்கு, எதுவானாலும் சரி.

மாநாடுகளில் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வேலையில் ஆசை இருந்தால் ஒன்று சொல்கிறேன். அந்தத் துறையில் தாய்மொழியைத்தான் 'ஏ மொழி' என்பார்கள். பெரும்பாலும் அதற்குள்தான் மொழிபெயர்ப்பார்கள். பிரெஞ்சுக்காகத் தாய்மொழி வாசிப்பைக் குறைக்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

என்னிடம் வந்த ஒரு பொறியியல் மாணவர், சிறுவயதில் கற்ற ஜெர்மனை அடியோடு மறந்துவிட்டதாகச் சொன்னார். மறுபடி சேர்ந்தார். வினைச்சொல் அட்டவணை எல்லோரையும் போல அவரையும் படுத்தியது. உச்சரிப்பில் மட்டும் ஆசிரியர் கைவைக்கவே இல்லை. சிறுவயதில் ஸ்பானிஷைக் காதால் மட்டும் கேட்டு வளர்ந்தவர்களிடமும் ஓர் ஆய்வு இதையே கண்டது: உச்சரிப்பில் முந்தினார்கள், இலக்கணத்தில் புதிதாகக் கற்பவர்களோடு சமம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வகுப்பு, தேர்வுக்கு உருப்போடும் இடமாகிவிட்டால் தயங்காமல் நிறுத்துங்கள். ஆனால் வாரம் ஒரு மணி நேரமாவது அவளோடு பிரெஞ்சில் பேச ஓர் ஆள் இருக்கட்டும். காணொளியை மட்டும் நம்பாதீர்கள். குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீசியா கூல் குழுவின் 2003-ஆம் ஆண்டு சோதனையில், 9 மாதக் குழந்தைகள் நேரில் பேசியவரிடம் சீன ஒலிகளைப் பிடித்துக்கொண்டன, திரையில் மட்டும் பார்த்த வேறு குழந்தைகள் எதையும் கற்கவில்லை. அவை கைக்குழந்தைகள்தான். இருந்தாலும் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் பதில் சொல்லத் தோன்றும் என்பதை எந்த வயதிலும் பார்க்கிறேன்.

14, 15 வயதில் பிரெஞ்சைத் தொடர்வதா, வேறு மொழிக்குப் போவதா என்று அவளே சொல்லட்டும். மறுபடி சேரும்போது, எந்தப் படியில் இருக்கிறாள் என்று பார்க்கும் நிலைத் தேர்வை முதலில் வைக்கச் சொல்லுங்கள். அரிச்சுவடியிலிருந்து உட்காரவைத்தால் ஒரே வாரத்தில் சலித்துப்போவாள்.